கூரைப் பீலிக்குப் பெயின்ட்டா, குளியலா?

வீடு பராமரிப்பு: கேள்வி – பதில்

கூரை விளிம்பில் ஓடி, மழைநீரை ஏந்திக் குழாய் வழியே தரைக்கு இறக்கும் அலுமினியப் பீலியைப் பற்றித்தான் இந்த முறை எல்லாக் கேள்விகளும். கடையில் ‘கட்டர்’ என்று கேட்டால்தான் கிடைக்கும். ஆனால் அப்படி எழுதினால் பாதிப் பேர் வெட்டும் கருவி என்று படித்துவிடுகிறார்கள். எனவே இங்கே பீலி.

கேள்வி: எங்கள் வீட்டுப் பீலிக்கு 20 வயது இருக்கும். வெள்ளை மங்கிப்போய், தொட்டால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. முன்பக்கம் முழுக்கக் கறுப்புக் கோடுகள் வேறு. வந்து பார்த்த பெயின்டர், ‘அடிச்சே ஆகணும்’ என்கிறார். அடிக்கத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் கழுவுங்கள். பெயின்ட் வேண்டுமா வேண்டாமா என்பது கழுவிய பிறகுதான் தெரியும்.

கையில் ஒட்டும் வெள்ளை மாவு, ஆலையில் சூடேற்றி ஏற்றிய பெயின்ட்டின் மேல்தோல். பெயின்ட்டில் நிறத்தூளைப் பிடித்துவைத்திருப்பது பிசின். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தப் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட, பிடிப்பு போன நிறத்தூள் மட்டும் மேலே மிஞ்சுகிறது. இருபது வருடத்தில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். மாவு எழுந்திருக்கிறது என்பதற்காக அடியில் பெயின்ட் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பல வீடுகளில் மாவுக்குக் கீழே நல்ல படலம் அப்படியே இருக்கும்.

கறுப்புக் கோடுகள் வேறு சமாசாரம். கூரைத் தூசு, புகைக்கரி, தார் ஓடு போட்ட கூரையானால் அதன் எண்ணெய்ப் பசை எல்லாம் பீலியின் உதட்டில் தேங்கி, சொட்டுச் சொட்டாக முகப்பில் வழிந்து காய்கின்றன. அதனால்தான் கோடுகள் எப்போதும் மேலிருந்து கீழே நேராக இருக்கும்.

அதிகம் கண்ணில் படாத மூலையில் 30 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சோதனை செய்யுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் 3 மேசைக்கரண்டி. கார் கழுவும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நுரை காய்வதற்குள் அலசிவிடுங்கள். நன்றாக உலர்ந்ததும் ஒரு கறுப்புத் துணியை விரலில் சுற்றி ஒரே இழுப்பாகத் தேயுங்கள். துணியில் லேசான சாம்பல் தடம், பீலியில் ஒரே சீரான நிறம் என்றால் கழுவுவதோடு வேலை முடிந்தது. இடையிடையே வெள்ளி மாதிரி உலோகம் எட்டிப் பார்த்தாலோ, பெயின்ட் செதிலாகத் தூக்கி நின்றாலோ உங்கள் பெயின்டர் சொன்னது சரி. நிறம் சீராக இல்லை, திட்டுத்திட்டாக இருக்கிறது, ஆனால் உலோகம் தெரியவில்லை என்றால் அது கண்ணுக்குத்தான் குறை. அடிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். அடிக்காவிட்டால் பீலிக்கு ஒன்றும் ஆகாது. அலுமினியம் துருப்பிடித்து உதிரும் உலோகமல்ல.

கேள்வி: சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் கோடுகள் போகவில்லை. அடுப்பு அழுக்கை எடுக்கும் ஸ்பிரே, காஸ்டிக் சோடா இரண்டில் எதைப் போடலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். அடுப்பு ஸ்பிரேக்களில் பலவற்றில் இருப்பதும் அதே காஸ்டிக் சோடாதான். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். காஸ்டிக் சோடா முதலில் அதைக் கரைக்கும், பிறகு உலோகத்தையே கரைக்கும். நுரைத்துக்கொண்டு வருவது அழுக்கு என்று நினைப்போம். அது ஹைட்ரஜன் வாயு, உங்கள் பீலி கரைந்து போவதன் அடையாளம். சலவை சோடாவும் இதே ரகம், கொஞ்சம் மெதுவாகச் செய்யும். கழிவறை கழுவும் அமிலமும் கூடாது.

கோடுகளில் எண்ணெய்ப்பசை இருப்பதால் சோப்பு தோற்கிறது. பசையை இளக்கும் கரைப்பான் கலந்த கிளீனர் வேண்டும். பியூட்டைல் கிளைக்கால் என்ற பெயர் புட்டியின் பின்பக்கத்தில் இருக்கிறதா, அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். கையுறை கட்டாயம், அந்தக் கரைப்பான் தோல் வழியாகவே உடலுக்குள் போகும்.

போடும் விதம் முக்கியம். கீழிருந்து மேலாகப் பூசுங்கள். மேலே தொடங்கினால் கிளீனர் வழிந்து, காய்ந்த அழுக்கின் மேல் தாரை விழும். அந்தத் தாரை பிறகு எளிதில் மறையாது. அலசும்போது மாற்றி, மேலிருந்து கீழே. ஒரு தடவைக்கு ஒரு மீட்டர், நிழல் விழும் பக்கத்தில். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஊறவிட வேண்டாம்.

மெலமைன் பஞ்சு என்று வெள்ளையாக ஒன்று விற்கிறதே, அதுவும் கோடுகளை எடுக்கும். ஆனால் அது மிக நைஸான உப்புத்தாளுக்குச் சமம். தேய்த்த இடம் பளபளப்பு போய்த் தனியாகத் தெரியும். முழு முகப்பையும் தேய்க்கப் பொறுமை இருந்தால் மட்டும் எடுங்கள். இரும்புக் கம்பிநார் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். அதிலிருந்து உடையும் துகள்கள் பெயின்ட்டில் குத்திக்கொண்டு, அடுத்த மழையில் பழுப்புப் புள்ளிகளாகப் பூக்கும்.

கேள்வி: பாசி பிடித்த இடத்தில் பிளீச்சும் வினிகரும் கலந்து தெளிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நீங்கள் நிற்பதோ ஏணியில். பாசிக்குச் சோப்பு நீரும் பிரஷ்ஷும் போதும்.

கேள்வி: அடிப்பது என்று முடிவு செய்துவிட்டோம். என்ன பிரைமர் (அடிப்பூச்சு), எத்தனை கோட், எவ்வளவு பெயின்ட்? வரிசையாகச் சொல்லுங்கள். பீலி மொத்தம் 30 மீட்டர், இறங்கு குழாய் நான்கு.

பதில்: அளவை முதலில் முடித்துவிடுவோம். பீலியின் முகப்பும் அடிப்பக்கமும் சேர்த்து ஒரு நூலால் அளந்தால் பெரும்பாலும் 25 சென்டிமீட்டர் வரும். 30 மீட்டருக்கு 7.5 சதுர மீட்டர். 50-க்கு 75 மில்லிமீட்டர் குழாயின் சுற்றளவும் 25 சென்டிமீட்டர்தான். மூன்று மீட்டர் உயரம் என்று வைத்தால் நான்குக்கும் 3 சதுர மீட்டர். மொத்தம் 10.5, இரண்டு கோட் அடிக்க 21. வழவழப்பான உலோகத்தில் ஒரு லிட்டர் பெயின்ட் சுமார் 10 சதுர மீட்டர் ஓடும். ஆக 2.1 லிட்டர். இரண்டரை லிட்டர் வாங்கினால் பின்னால் கீறல் விழும்போது தொட்டுக்கொள்ளவும் மிஞ்சும்.

வேலையில் பெரும்பகுதி டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடக்கிறது. பீலிக்குள் இருக்கும் இலை, மண் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளுங்கள். இரும்புக் கொத்துக்கரண்டி உள்பூச்சைக் கீறும். கசியும் இணைப்புகளையும் இப்போதே சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் பெயின்ட் அடித்த பிறகு கசிந்தால் நீர் படலத்துக்குப் பின்னால் போய்த் தூக்கிவிடும். அப்புறம் முன்சொன்னபடி கழுவி, ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். உயர் அழுத்த நீர்பீச்சி வைத்திருப்பவர்கள் ஆசைப்படுவார்கள். அது நீரைப் பீலிக்குப் பின்னாலுள்ள பலகைக்குள் ஏற்றும், இணைப்புகளை அடைத்திருக்கும் பழைய பசையான சீலன்ட்டையும் பிய்க்கும். தோட்டக் குழாய் போதும்.

உரிந்து நிற்கும் பெயின்ட்டை மழுங்கிய ஸ்கிரேப்பரால் எடுத்துவிட்டு, விளிம்பை 180 எண் உப்புத்தாளால் சாய்வாகத் தேயுங்கள். விரலால் தடவினால் படி தட்டக்கூடாது. பிறகு முழுப் பரப்பையும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நைலான் நாராலோ 220 எண் தாளாலோ ஒருமுறை ஓட்டுங்கள். பளபளப்பு போனால் நிறுத்திவிட வேண்டும். உலோகம் தெரியும்வரை தேய்ப்பது வீண் வேலை மட்டுமல்ல, கெடுதலும்கூட. இருக்கிற பூச்சுகளிலேயே உலோகத்தை நன்றாகப் பிடித்திருப்பது ஆலைப் பூச்சுதான். தேய்க்கும்போது அடியில் மஞ்சள் அல்லது மஞ்சள்பச்சை நிறத்தில் பிரைமர் தென்பட்டால் நிறுத்துங்கள். பழைய துத்தநாகக் குரோமேட்டாக இருக்கலாம். அதன் தூசு புற்றுநோய் தரக்கூடியது. அந்த இடத்தை உலர்வாகத் தேய்க்காமல் ஈரமாகவே தேய்த்துத் துடையுங்கள், முகக்கவசத்தோடு.

ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, துணி சுத்தமாக வரும்வரை விடாதீர்கள். மொத்த வேலையின் ஆயுளும் இந்தத் துடைப்பில்தான் இருக்கிறது.

பிரைமர் முழுக்க வேண்டியதில்லை. உலோகம் தெரியும் இடங்களுக்குப் போதும். அலுமினியத்துக்கென்று இருக்கும் எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் ரகம்) அல்லது துத்தநாகப் பாஸ்பேட் பிரைமர் வாங்குங்கள். கைக்குக் கிடைக்கிறது என்று ரெட் ஆக்சைடு அடிப்பவர்கள் உண்டு. அது இரும்புக்கு. எட்ச் பிரைமரைக் கெட்டியாக அடிக்கவும் கூடாது. அடியில் இருப்பது லேசாகத் தெரிகிற அளவு மெல்லிசாக இருக்க வேண்டும். கனமானால் அது நடுவிலேயே பிளந்து மேல் பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். தேய்த்த அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள்.

மேலே வெளிப்புற அக்ரிலிக் பெயின்ட், மெல்லிசாக இரண்டு கோட். மடிப்புகளுக்கும் கொக்கிகளின் ஓரத்துக்கும் 2 அங்குல பிரஷ், முகப்புக்கு 4 அங்குல குட்டி ரோலர். எனாமலைவிட அக்ரிலிக்கே நல்லது. வெயிலில் நீண்டு சுருங்கும் தகடோடு அதுவும் நீளும், சுருங்கும். எனாமல் வருடங்கள் போகப்போக இறுகி, வெடிக்கும்.

நேரம் பார்த்து அடியுங்கள். புறங்கையைத் தகட்டில் வைத்து ஐந்து நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அடிக்காதீர்கள். மேல்தோல் உடனே காய்ந்து அடியில் கொப்புளம் எழும். வீட்டைச் சுற்றி நிழலைத் தொடர்ந்து போங்கள். பொழுது சாய்வதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் பனியில் மாட்டாது.

கேள்வி: போன வருடம்தான் அடித்தோம். இப்போது பட்டை பட்டையாக உரிகிறது. பெயின்ட் மட்டமா, அடித்தவர் மட்டமா?

பதில்: உரிந்த துண்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். அதிலேயே விடை இருக்கிறது.

பின்பக்கம் வெள்ளை மாவாக இருந்து விரலில் ஒட்டினால், மாவைக் கழுவாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். பெயின்ட் பிடித்துக்கொண்டது மாவை. மாவு எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. கண்ணாடி போல வழவழவென்று இருந்து, உரிந்த இடத்தில் பழைய பெயின்ட் பளபளப்பாக நின்றால், தேய்க்காமல் அடித்தது. உரிந்த இடத்தில் வெறும் உலோகம் மின்னினால் பிரைமர் இல்லை, அல்லது தவறான பிரைமர். துண்டின் இருபக்கமும் பிரைமர் நிறம், தகட்டிலும் பிரைமர் நிறம் என்றால் பிரைமர் கனமாகி நடுவில் பிளந்தது. உரிவது இணைப்புகளைச் சுற்றி மட்டும்தான், குத்தினால் சொட்டு நீர் வருகிறது என்றால், அது பெயின்ட் குறையே அல்ல, கசிவு. அரிதாக, அடித்த அன்றே குழிகுழியாக மீன்கண் மாதிரி விலகி நின்றிருக்கும். அது இணைப்பில் வைத்த பழைய சிலிக்கான் சீலன்ட்டின் தடம்.

பார்த்த அளவில் பத்துக்கு எட்டு, ஒன்பது முறை மாவுதான். பெயின்ட் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் துண்டைத் திருப்பிப் பாருங்கள்.

மீதி உரியுமா என்று அறிய, கூரான கத்தியால் பெருக்கல் குறி போல இரண்டு கோடு, உலோகம் வரை கீறி, அதன் மேல் ஒட்டும் டேப்பை அழுத்தி, வெடுக்கென்று இழுங்கள். கீறல் ஓரமாகப் பெயின்ட் டேப்போடு வந்தால் அந்தப் பக்கம் முழுக்க எடுத்தாக வேண்டும். புதிதாக அடிக்கும்போதும் முழு வீட்டையும் தொடுவதற்கு முன் ஓரடி நீளம் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் இந்தச் சோதனையைச் செய்யலாம். பெயின்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: உள்பக்கமும் அடித்துவிடலாமா, நீடித்து உழைக்குமே?

பதில்: வேண்டாம். தேங்கும் நீரில் சாதாரண பெயின்ட் கொப்பளித்து, செதிலாக உரிந்து, இறங்கு குழாயின் வளைவில் போய் அடைக்கும். உள்ளே யாரும் பார்க்கப்போவதுமில்லை.

கேள்வி: மூலை இணைப்பில் மூன்று முறை சிலிக்கான் வைத்தாகிவிட்டது. ஒவ்வொரு கோடைக்கும் பிறகு மறுபடி ஒழுகுகிறது.

பதில்: மூன்று முறையும் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே வைத்திருப்பீர்கள். காய்ந்த சிலிக்கான் மேல் எதுவும் ஒட்டாது, புது சிலிக்கானே சரியாக ஒட்டாது. அதோடு, திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும் வகையாக இருந்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். உலோக வேலைக்கு அது பொருந்தாது.

இணைப்பு ஏன் திறக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 10 மீட்டர் அலுமினியம், குளிர்ந்த இரவுக்கும் கொதிக்கும் நண்பகலுக்கும் இடையே 40 டிகிரி ஏறினால் 9 மில்லிமீட்டர் நீளும். தினமும் நீண்டு, தினமும் சுருங்கி, அந்த இழுப்பு முழுவதும் மூலையில்தான் விழும். அங்கே ரப்பர் போல நீளும் பொருள் வேண்டும்: பியூட்டைல் அல்லது பாலியூரித்தேன் சீலன்ட்.

பழையதைப் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, மிச்சத்தை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, கடைசியில் ஸ்பிரிட்டால் துடையுங்கள். எலும்பு போல உலர்ந்த பிறகு, உள்பக்கமாக, இணைப்புக் கோட்டின் இருபுறமும் 2 சென்டிமீட்டர் பரவும்படி வைத்து, நடுவில் 3 மில்லிமீட்டராவது கனம் நிற்கும்படி தடவுங்கள். துணி மாதிரி மெல்லிசாக வழித்துவிட்டால் நீளும்போது கிழியும். தளர்ந்த ரிவெட்டை அலுமினிய ரிவெட்டால் மாற்றி, அதன் தலைக்கும் ஒரு பொட்டு வையுங்கள். வெளிப்பக்கம் வைப்பதில் பயனில்லை. நீர் உள்ளேயிருந்து தள்ளுகிறது.

கேள்வி: மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் பீலியில் தண்ணீர் நிற்கிறது. அடைப்பு இல்லை. கொசு வேறு.

பதில்: வாட்டம் போய்விட்டது. மூன்று மீட்டருக்கு 6 மில்லிமீட்டர் சரிவு இருந்தால் போதும். தரையிலிருந்து பார்த்தால் மட்டமாகத்தான் தெரியும். குட்டி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது. இரு முனைக்கும் நூல் கட்டி இழுத்து, நூலிலிருந்து பீலி எங்கே தொய்கிறது என்று பாருங்கள். தொய்ந்த இடத்தில் கொக்கி கழன்றிருக்கும், அல்லது கொக்கிகளுக்கிடையே 60 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். 10 சென்டிமீட்டர் அகலம், 7 சென்டிமீட்டர் உயரம் உள்ள பீலி நிரம்பினால் மீட்டருக்கு 7 கிலோ. ஈர இலை தேங்கினால் அந்தச் சுமை மாதக்கணக்கில் இறங்காது. ஆணி அடித்த இடத்தில் பலகை ஊறிப்போயிருந்தால் அதே ஓட்டையில் மறுபடி அடிக்காமல் பக்கத்தில் ஸ்குரூ போடுங்கள். எஃகு என்றால் துருப்பிடிக்காத ரகம்.

கேள்வி: ஏசியின் தண்ணீர் சொட்டும் இடத்தில் மட்டும் குண்டூசித் துளைகள் விழுந்திருக்கின்றன. பெயின்ட் அடித்தால் நிற்குமா?

பதில்: நிற்காது. ஏசியின் உள்ளே செப்புச் சுருள் மேல் படிந்த நீர், கொஞ்சம் செம்பைக் கரைத்துக்கொண்டு வரக்கூடும். செம்பு அலுமினியத்தின் மேல் படிந்தால் சின்ன மின்கலம் மாதிரி வேலை செய்து, அந்தப் புள்ளியில் அலுமினியத்தைத் தின்னும். துளைகளைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு இருக்கும், பாருங்கள். முதலில் அந்தக் குழாயைப் பீலியிலிருந்து திருப்பிவிடுங்கள். பிறகு துளை விழுந்த இடத்தைவிட எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் பெரிய அலுமினியத் தகடு வெட்டி, சீலன்ட் தடவி, உள்ளே ஒட்டி ரிவெட் அடியுங்கள். செப்புத் தகடு மட்டும் வைத்துவிடாதீர்கள்!

கேள்வி: ஏணியைப் பீலியின் மேல் சாய்த்துத்தான் எல்லோரும் ஏறுகிறார்கள். தப்பா?

பதில்: பீலியின் கனம் பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர். ஆளும் வாளியும் சேர்ந்து சாய்ந்தால் நசுங்கும். வழவழப்பான விளிம்பில் ஏணி பக்கவாட்டில் சறுக்கவும் செய்யும். ஏணித் தலையில் சுவரைத் தொடும் தாங்கிக் கை மாட்டுங்கள். நான்கு மீட்டர் உயரத்துக்கு அடிக்கால் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். மின் கம்பி வீட்டுக்குள் வரும் பக்கத்தில் அலுமினிய ஏணி வேண்டாம்.

கேள்வி: வெள்ளையை விட்டு அடர்பழுப்புக்கு மாறலாமா? அழுக்கு தெரியாது என்பதால் கேட்கிறேன்.

பதில்: மாறலாம், விளைவு தெரிந்து மாறுங்கள். நேர்வெயிலில் அடர்நிறத் தகடு வெள்ளையைவிட 20 டிகிரிகூட அதிகமாகச் சூடேறும். முன்பு சொன்ன கணக்கில் 10 மீட்டருக்கு இன்னும் 4, 5 மில்லிமீட்டர் நீட்சி. மூலை சீலன்ட் புதிதாகவும், ஓட்டம் குட்டையாகவும் இருந்தால் தாங்கும். ஒரே நீட்டமாக 12 மீட்டருக்கு மேல் போகிற பீலியில், நடுவில் நீட்சிக்கு இடம்விடும் இணைப்பு இல்லாவிட்டால், வெளிர்நிறத்திலேயே இருந்துவிடுங்கள். அழுக்கைப் பொறுத்தவரை, பழுப்பில் கறுப்புக் கோடு தெரியாது, சரி. பத்து வருடம் கழித்து வெள்ளை மாவு எழும்போது அதில்தான் பளிச்சென்று தெரியும்.